நூதனசாலையைக் கூட்டியவர்

கொழும்பு நூதனசாலையில் நான் முதலில் பார்த்தது தரையைத்தான். ஆலமரம் நிற்கும் புல்வெளியைத் தாண்டி அந்த வெள்ளைக் கட்டடத்துக்குள் நுழைந்தால் எதிரே பெரிய கல் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் நின்று அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் குனிந்து பீடத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னப்பா, எதையாச்சும் கீழ போட்டுட்டீங்களா?” என்றாள் மகள் கலா.

“இல்லம்மா. மூலையெல்லாம் சுத்தமா இருக்கான்னு பாக்குறேன்.”

“டிக்கெட் வாங்கிட்டு வந்து மூலையைப் பாக்குறீங்களே.”

“இதைக் கூட்டினவங்க நம்ம சொந்தம். பாக்க வேணாமா?”

மூலை சுத்தமாகவே இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போய், அவள் நன்றாக இருப்பதைப் பார்த்த மாதிரி எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்கப்புறம்தான் புத்தரை நிமிர்ந்து பார்த்தேன்.

கலா சரித்திர டீச்சர். அந்த ஒரு வாரத்தில் எழுபதைத் தாண்டிய என் முழங்கால்களை நாலு நூதனசாலைகளுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்டி ராஜாவின் சிம்மாசனம், மூன்று பாஷையில் எழுத்து வெட்டிய கல், பல்லைக் காட்டும் பிசாசு முகமூடிகள், பொலன்னறுவையில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த நடராசர் என்று ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினாள். நான் தலையாட்டினேன். எல்லாமே நான் ஐம்பது வருஷத்துக்கு முன்னால், நாற்று நட்ட வயல் வரப்பில் உட்கார்ந்து அத்தை சொல்லக் கேட்டவை. பாதிச் சாமான்கள் அத்தை சொன்ன இடத்தில் இல்லை. அதனால் என்ன, எங்கள் ஊர்ப் பக்கம் கோயில் சாமிகளே இடம் மாறிவிடுகின்றன.

இந்தப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் எடுக்க நான் படாத பாடு பட்டேன். என் பிறந்த தேதி, பள்ளிக்கூட வாத்தியார் என் உயரத்தைப் பார்த்துப் போட்டது. எங்கள் தெருவில் என் மகள் வயதுக்காரர்களிலும் பாதிப் பேர் கதை அதுதான். கலாவுக்கு மட்டும் பிறந்த அன்றே எழுதின பிறப்புப் பதிவு உண்டு. அவளுக்கு எந்த ஆபீசிலும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அத்தை என்றால் என் தாய்மாமன் மனைவி. தெருவில் அவர் பேர் சிலோன்காரம்மா. மாமா இளவயதில் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு, நெஞ்சு வலியோடு ஊர் திரும்பி, இரண்டே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். அத்தை எங்களோடு தங்கிவிட்டார். குத்தாலத்துக்குத் தெற்கே ஒரு களத்துமேட்டில் பத்தொன்பது குடிசைகள். அதில் கடைசிக் குடிசை அவருடையது, அதற்கு முந்தியது எங்களுடையது.

அவரிடம் ஒரு வியாதி இருந்தது. அப்படித்தான் நாங்கள் சொல்வோம். எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு சீட்டு எழுதிக் கட்டிவிடுவார். வீட்டுக்குள் இருக்கிற சாமானுக்கு அட்டைச் சீட்டு. விதை நெல் மூட்டையின் வாயில் ஒரு அட்டை தைத்து வருமே, போகமும் வருஷமும் அச்சடித்து, அதைச் சேர்த்து வைத்துப் பின்பக்கம் எழுதுவார். வெளியில் மழை வெயிலில் கிடக்கிற சாமானுக்குத் தகரம். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி ஆணியால் கீறுவார். என்ன சாமான், எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, எப்போது. இந்த நாலும் இருக்க வேண்டும்.

‘அம்மி. குடுத்தது மாரியம்மா, மகளோட மாயவரம் போனப்ப.’

‘அரிவாள்மணை. குத்தாலம் சந்தை. விலை சொல்ல மாட்டேன்.’

தன் வீட்டோடு நின்றாலாவது பரவாயில்லை. தெரு முழுக்கக் கட்டினார். கூரைமேல் காய்த்த பூசணிக்காய்க்குச் சீட்டு, விதை கொடுத்தவள் பேரோடு. ஆட்டின் கழுத்தில் கட்டிய அட்டையை ஆடே தின்றுவிட்டது. மறுநாள் அதற்குத் தகரம் கட்டினார். எங்கள் விவசாயக் கூலிகள் சங்கத்துச் செங்கொடிக் கம்பத்தில்கூட, ‘சவுக்கு. முத்துப்பேட்டைத் தோழர்கள் குடுத்தது’ என்று ஒரு தகரம் தொங்கியது. கிளைச் செயலாளர் நான். வெளியூர்த் தோழர்கள் வந்து கொடியேற்றிவிட்டு அண்ணாந்து அதைப் படிக்கும்போது எனக்கு மானம் போகும்.

“யாரு கேட்டா இதெல்லாம் அத்தை?” என்பேன்.

“இன்னிக்கு யாரும் கேக்கல மருமவனே. கேக்குற அன்னிக்கு எழுத நேரம் இருக்காது.”

மாமா இறந்த புதிதில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து, சிலோனில் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார்கள்.

“நூதனசாலையைக் கூட்டிக்கிட்டு இருந்தேன்” என்றார்.

எங்கள் ஊரில் சாலை என்றால் சாலைதான். கும்பகோணம் சாலை, மாயவரம் சாலை. கொழும்பில் நூதனசாலை என்று ஒரு தார் ரோடு இருக்கிறது, அதைப் பெருக்கியிருக்கிறாள் பாவம் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

“எம்மாம் நீளம் இருக்கும்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“நீளம் பாத்தா நம்ம மதகுலேர்ந்து கோயில் வரைக்கும் இருக்கும். மாடி வேற இருக்குது. அதையும் நான்தான் கூட்டணும்.”

மாடி வைத்த ரோடு. வெள்ளைக்காரன் ஆண்ட ஊர், இருந்தாலும் இருக்கும் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ரோட்டில் ராஜாவின் நாற்காலி போட்டிருக்கிறது, நம்ம நடராசர் நிற்கிறார், மேலே ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது என்று அவர் சொல்லச் சொல்ல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா செத்ததில் இவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று என் அம்மாவே சொன்னாள். பல வருஷம் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கதை கேட்க மட்டும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

தஞ்சாவூரில் சங்க மாநாடு நடந்தபோதுதான் விஷயம் விளங்கியது. ஊர்வலம் முடிந்து எல்லாரும் பொட்டலத்துச் சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அத்தையைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால் அரண்மனை வாசலில் நின்றுகொண்டிருக்கிறார். உள்ளே பழைய செப்புத் திருமேனிகளை வைத்திருக்கிற காட்சிக்கூடம்.

“மருமவனே, இங்கயும் ஒரு நூதனசாலை இருக்குது பாரு” என்றார். அவர் முகம் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கு அந்த இடத்திலேயே சுருக்கென்றது. சாலை என்றால் ரோடு இல்லை, மியூசியம். நாற்காலியும் நடராசரும் திமிங்கலமும் எல்லாம் நிஜம். அத்தனை வருஷம் ஒரு தெருவே சேர்ந்து ஒரு பொம்பளையைப் பைத்தியம் என்று நினைத்திருக்கிறோம். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

உள்ளே போனார். செருப்பில்லாத கால்தான், ஆனாலும் பாதத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு போனார். நான் சாமிகளைப் பார்த்தேன். அவர் பீடத்து விளிம்பில் விரலால் ஒரு கோடு இழுத்து, விரலைத் திருப்பிப் பார்த்தார். தூசி இல்லை. காவல்காரரிடம் போய், “இதை யாருங்க துடைக்கிறது? நல்லா துடைச்சிருக்காங்க” என்றார்.

காவல்காரர் விழித்தார். “வர்றவங்க எந்த ராசா காலத்துச் சிலைன்னு கேப்பாங்க. துடைக்கிறவங்களக் கேட்டது நீங்கதாம்மா.”

பின்கட்டிலிருந்து ஒரு அம்மாவைக் கூட்டிவந்தார். அவ்வளவுதான். இரண்டு பேரும் தூண் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்கள். வெண்கலத்துக்கு ஈரத்துணி ஆகாது, வேட்டித்துணிதான் நல்லது, அதுவும் பழசாக இருக்க வேண்டும். சாமி விரல் இடுக்கில் கோழி இறகு போட வேண்டும். கல்லுக்குத் தென்னம் விளக்குமாறு போட்டால் கீறும். நான் நடுவில் நின்றுகொண்டு, மாநாட்டில் தீர்மானம் வாசிக்கிற நேரம் ஆகிவிட்டது என்று இரண்டு தடவை சொன்னேன். “நீ போய் வாசி” என்றார் அத்தை.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். சொந்தக் கதையை அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“நான் தேயிலைக் கூலிங்க இருக்குற லயத்துல பொறந்தவ. தோட்டத்துல பொறப்பு எறப்பு எழுதுற கணக்கப்பிள்ளை அன்னிக்கு லீவாம். அப்பறம் எழுதிக்கலாம்னு விட்டுட்டாங்க. யாரும் எழுதல. பெரியவளாகி கொழும்புல வேலை பாக்குறப்ப, இந்த நாட்டுல பொறந்தவங்க மட்டும்தான் இருக்கலாம்னு சொல்லிட்டாங்க. கந்தோர்ல கூப்பிட்டு, நீ இங்க பொறந்ததுக்கு என்ன அத்தாட்சின்னு கேட்டான். நான் என்னத்தைச் சொல்றது? பொறக்குறப்ப நான் இருந்தேன், ஆனா எனக்கு ஞாபகம் இல்லியே.”

ஆபீசை அவர் கடைசிவரை கந்தோர் என்றுதான் சொன்னார்.

“அங்க ஒரு உடைஞ்ச பானை ஓடு இருக்கும் மருமவனே. இத்தனூண்டு. அது எந்த ஊர்ல கெடச்சது, யாரு தோண்டினது, என்னிக்குன்னு அழகா எழுதி வெச்சிருப்பாங்க. அந்தச் சீட்டைப் பாத்துப் பாத்துத்தான் நான் எழுத்தே படிச்சேன். காலையில அந்த ஓட்டைத் துடைச்சு வெச்சுட்டு மத்தியானம் கந்தோருக்குப் போனா, எனக்கு ஒரு சீட்டு இல்ல. ஓடு அங்கயே இருக்குது. நான் கப்பல்ல வந்துட்டேன்.”

அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இருபத்திரண்டு வயசு, உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்கிற வயசு. அப்புறமாவது அந்தச் சீட்டுகளைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும். அதுவும் செய்யவில்லை.

ஆட்சி மாறிக் கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. கோட்டையில் கரைவேட்டிகள் வந்தன, வயலில் பழைய பண்ணைகளே இருந்தன. கூலி நெல் கேட்டு நாங்கள் அறுவடையை நிறுத்துவதும், அவர்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவதும், போலீஸ் வண்டி மதகில் வந்து நிற்பதும் போகத்துக்குப் போகம் நடந்தது. அந்தச் சமயத்தில்தான் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கிற கூலிக்காரனுக்கு அந்த மனை இனிமேல் சொந்தம். ஆனால் சட்டம் குறித்த தேதிக்கு முன்னாலிருந்தே அவன் அங்கே குடியிருந்திருக்க வேண்டும்.

நாங்கள் முன்பு ஐயனார் திடலில் இருந்தோம். அங்கே பம்புசெட் போட வேண்டும் என்று பண்ணையார் எங்களைக் களத்துமேட்டுக்கு மாற்றினார். மாமாவும் அத்தையும் கப்பலில் வந்து இறங்கியது அதே வருஷம். மாற்றியது வாய்வார்த்தையில்தான். எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளையின் கணக்கில் அது அப்போதும் களம், வீடே கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டார் பண்ணைக் காரியஸ்தர். இந்தப் பத்தொன்பது குடிசையும் சட்டம் வந்த பிறகு, செங்கொடிக்காரர்கள் தூண்டிவிட்டுப் போட்டவை, காலி செய்து தர வேண்டும் என்று மனு போட்டார். தாசில்தார் நேரில் வந்து பார்ப்பதாகத் தகவல் வந்தது. தீர்ப்பு எதிராகப் போனால் அன்றைக்கே கூரையைப் பிரித்துவிடுவார்கள். என் மனைவி ராசாத்திக்கு நிறைமாதம்.

தாசில்தார் வருவதற்கு முதல் நாள் நான் அத்தையிடம் போனேன்.

“நாளைக்கு ஆபீசர் வராரு. இந்தத் தகரம் அட்டை எல்லாத்தையும் கழட்டுங்க. பொம்மைக்கடைன்னு நெனச்சுச் சிரிப்பாரு. நாங்க மனு எழுதி வெச்சிருக்கோம், கோஷம் போடுவோம், அது போதும்.”

“வர்றவருக்குப் பாக்க ஒண்ணும் வேணாமா?” என்றார்.

“விளையாடாதீங்க அத்தை.”

“நான் விளையாடல. நீ உன் வீட்டுல கழட்டிக்க. மத்தவங்க வீட்டுல கை வைக்காத.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வீட்டுக்கு வந்து கதவில், உறியில், கலப்பையில் தொங்கிய அட்டைகளை அறுத்து வாய்க்காலில் போட்டேன். கொல்லையில் பூவரசில் ஒரு தகரம் இருந்தது. இந்த இடத்துக்கு வந்ததும் அப்பா கிளை வெட்டிவந்து நட்ட போத்து அது. முழங்கைக் கனம் வந்ததும் அத்தை ஆணியடித்து வைத்த தகரம். அதையும் பிடுங்கப் பார்த்தேன். வரவில்லை. மரம் பெருத்துப் பெருத்துப் பட்டை தகரத்தின் மேல் இரண்டு பக்கமும் ஏறி மூடியிருந்தது, உதடு மாதிரி. அரிவாளைக் கொண்டுவந்து நெம்பினேன்.

ராசாத்தி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள். “ஆபீசர்கிட்ட போடுற சண்டையை மரத்துக்கிட்ட போடுறீங்களா? விடுங்க, அது குடுக்காது.”

விட்டுவிட்டேன். நல்லவேளை என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

தாசில்தார் ஒல்லியான மனிதர். காரியஸ்தர் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். நாங்கள் இரண்டு கோஷம் போட்டோம். மூன்றாவது போடுவதற்குள் அவர் முதல் வீட்டு வாசலில் குனிந்து உரலில் இருந்த தகரத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். கோஷம் எங்கள் வாயிலேயே நின்றுபோனது.

“என்னம்மா இதெல்லாம்?”

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். “இப்பிடி இந்தப் பக்கமா வாங்கய்யா. ஒவ்வொரு வீடா பாத்துக்கிட்டே போலாம். கூட்டமா நிக்காதீங்க, பின்னால இருக்குறவங்களுக்குத் தெரியாது. தொடாம பாருங்க.”

தாசில்தார் பின்னாலேயே போனார். காரியஸ்தர் குடையோடு போனார். உரல், தொட்டில், தண்ணீர்த் தவலை, முருங்கை, ஆட்டின் கழுத்து. என்ன, எங்கிருந்து, யார் கொடுத்தது, எப்போது. எட்டாவது வீட்டில் தாசில்தாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் கேலிச் சிரிப்பு இல்லை. அட்டைகளைத் திருப்பி அச்சடித்த வருஷத்தைப் பார்த்தார்.

“எல்லாம் நேத்து ராத்திரி எழுதி மாட்டினதுங்க” என்றார் காரியஸ்தர். “விதை மூட்டை அட்டை எங்க வேணாலும் கெடைக்கும்.”

“பழைய அட்டையில புதுசா எழுதலாம்தான்” என்று தாசில்தாரும் இழுத்தார். சிரிப்பு போய்விட்டது. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். கதவைப் பார்த்தார், உறியைப் பார்த்தார். “இங்க ஏன் ஒண்ணையும் காணோம்?”

காரியஸ்தர் குரலில் தெம்பு வந்தது. “அதாங்க சொல்றேன். இதெல்லாம் போன மாசம் போட்ட குடிசை. இந்த வீட்டுக்கு அவங்களுக்கு எழுத நேரம் பத்தல.”

தெருவுக்கே தலைவன் நான், என் வீட்டுக்கு மட்டும் சாட்சி இல்லை. அதை நானே வாய்க்காலில் போட்டேன். என் ஒரு வீடு பொய் என்றால் பத்தொன்பதும் பொய்யாகிவிடும். ராசாத்தி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை என்னை ஒரு தடவை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை, அந்தப் பார்வையில் திட்டும் இல்லை.

“இந்த வீட்டுச் சாமான் கொல்லையில இருக்குதுங்க” என்றார். “வாங்க.”

பூவரசடியில் கொண்டுபோய் நிறுத்தினார். மரம் தொடைக் கனம் இருந்தது. தாசில்தார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். “‘பூவரசு. போத்து வந்தது ஐயனார் தி...’ மீதி எங்கம்மா?”

“மரத்துக்குள்ள இருக்குதுங்க.”

அவர் கிட்டப் போய்த் தகரத்தின் ஓரத்தில் பட்டை ஏறியிருந்ததை நகத்தால் சுரண்டப் போனார். “தொடாம...” என்று பழக்கத்தில் ஆரம்பித்த அத்தை நிறுத்திக்கொண்டு, “நீங்க தொட்டுப் பாருங்கய்யா” என்றார்.

தாசில்தார் தொட்டார். அழுத்திப் பார்த்தார். தகரம் அசையவில்லை. காரியஸ்தர் பக்கம் திரும்பினார்.

“இதையும் நேத்து ராத்திரிதான் மரம் முழுங்கிச்சாய்யா?”

காரியஸ்தர் குடையை மடக்கினார். தாசில்தார் மறுபடி குனிந்தவர், “இது என்ன, ஓரத்துல புது அரிவாள் வெட்டு?” என்று கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

“அது நேத்து வந்த ஒரு ஆளு செஞ்சதுங்க” என்றார் அத்தை. “தொடக் கூடாதுன்னு சொல்லியாச்சு. இனிமே செய்ய மாட்டாரு.”

உத்தரவு பத்தொன்பது வீட்டுக்கும் வந்தது. தாசில்தார் நெடுநாளைய குடியிருப்பு என்று எழுதிவிட்டார். காகிதம் கைக்கு வந்த அன்று நான் கொல்லைக்குப் போய்ப் பூவரசைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷம் பாதி, தப்பித்த நடுக்கம் பாதி. தெருவே பாயசம் வைத்தது. அத்தை அன்று முழுக்க வீடு வீடாகப் போய் ஒவ்வொரு சீட்டாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஏன் அத்தை என்று கேட்டதற்கு, “கந்தோர்ல எழுதிட்டாங்கள்ல, இனிமே எனக்கு என்ன வேலை?” என்றார். அம்மி வெறும் அம்மியானது. ஆடு வெறும் கழுத்தோடு மேய்ந்தது. பூவரசில் இருந்தது மட்டும் வரவில்லை, அதை அப்படியே விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு விடியற்காலையில் கலா பிறந்தாள். தெருப் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தை மட்டும் வரவில்லை. குழந்தை அழுத சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிப் போனதாக ஒருத்தி சொன்னாள். மத்தியானம் ஆயிற்று, ஆளைக் காணோம்.

“சீட்டையெல்லாம் அறுத்துப் போட்டது மனசுல இருக்கும்போல” என்றாள் ராசாத்தி. அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அதுதான் சந்தேகம்.

சாயங்காலம் மாடுகள் திரும்புகிற நேரத்துக்கு வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. மூன்று மைல் தள்ளி, பிறப்பு இறப்பு பதிகிற கிராம முன்சீப் வீட்டுக்கு வரப்பு வழியாக நடந்து போயிருக்கிறார். அப்பன்தான் வந்து பதிய வேண்டும் என்று முன்சீப் சொல்லியிருக்கிறார். அவன் கிளைச் செயலாளர், அவனுக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்காது என்று அத்தை பதில் சொல்லியிருக்கிறார். களத்துமேட்டில் தெருவே இல்லையே என்று முன்சீப் அடுத்தபடி கேட்டிருக்கிறார். அத்தை தாசில்தாரின் உத்தரவை மடியிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு, எழுதுகிற வரைக்கும் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

“எழுதிட்டாரா?” என்றேன்.

“நகல் வாங்கியாந்திருக்கேன். படி.”

நான் சத்தமாகப் படித்தேன். பெண் குழந்தை. தாய் பேர், தகப்பன் பேர், தேதி. பிறந்த இடம் என்று போட்டிருந்த இடத்தில் களத்துமேட்டுத் தெரு என்று எழுதியிருந்தது. எங்கள் தெருவில் பிறந்த பிள்ளை என்று சர்க்கார் புஸ்தகத்தில் ஏறிய முதல் பதிவு என் மகளுடையதுதான்.

“பொறந்த எடம் சரியா இருக்குதா? இன்னொரு தடவ படி” என்றார். படித்தேன்.

தவலைத் தண்ணீரை மொண்டு கால் கழுவினார். கையைக் கழுவி, புடவைத் தலைப்பில் விரல் விரலாகத் துடைத்தார். ராசாத்தி பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியை விரித்தார்.

“இப்ப குடு புள்ளைய. தொட்டுப் பாக்குறேன்.”